லிதுவேனியத் துணைப் போலீஸ்: ஒருவர் எந்தப் படையில் இருந்தார் என்று கண்டறிவது எப்படி?

நாஜி ஜெர்மனியின் பிடியில் லிதுவேனியா இருந்த 1941–44 காலத்தில், உள்ளூர் ஆட்களைக் கொண்ட போலீஸ் ஒரே படையாக இருந்ததில்லை. சாட்சியத்தில் வெறுமனே 'போலீஸ்காரன்' என்று வந்தால், முதலில் தேதியையும் ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள். படைப் பெயரை அப்புறம் தேடலாம். 1941 ஜூன் கடைசியில் வெள்ளைக் கைப்பட்டையோடு துப்பாக்கி ஏந்தியவர்களில் பலர் எந்தப் பட்டாலியனிலும் இல்லாதவர்கள். லிதுவேனியாவின் கவுனாஸ் நகரில் முதல் பட்டாலியன் அமைக்கும் வேலையே ஜூன் 28-இல்தான் தொடங்கியது.

அடுத்து, உத்தரவு போட்டது யார் என்று பாருங்கள். வில்னியூஸை அடுத்த பனேரியாயில் யூதர்களைச் சுட்டுக்கொன்ற 'சிறப்புப் படை' ஜெர்மன் பாதுகாப்புப் போலீஸின் கீழ் இயங்கியது. அதன் ஆட்களைப் பட்டாலியன் பட்டியல்களில் தேடுவது வீண் வேலை.

மிகுதியும் தவறு நடப்பது பட்டாலியன் எண்ணில்தான். கவுனாஸின் 2-ஆம் பட்டாலியன் 1941 அக்டோபரில் பெலாரஸின் மின்ஸ்க் பக்கம் அனுப்பப்பட்டது. பின்னர் அதுவே 12-ஆம் பட்டாலியன் ஆனது. 2 என்ற எண் இன்னொரு பட்டாலியனுக்குப் போனது. ஆகவே எண்ணை எழுதும்போதெல்லாம் ஆவணத்தின் தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். முடிந்தால் கம்பெனி (பட்டாலியனின் உட்பிரிவு) வரை போங்கள்: கவுனாஸ் முதல் பட்டாலியனில் கொலைகளில் பெரும்பங்கு 3-ஆம் கம்பெனியுடையது.

பெயரை முழுதாகத் தேடாதீர்கள். ஜெர்மன் தட்டச்சில் எழுத்துகளின் மேற்குறிகள் விழுந்துவிடும். ரஷ்யக் கோப்பில் உயிரெழுத்துகள் மாறும். முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் லிதுவேனிய, ஜெர்மன், ரஷ்ய வடிவங்கள் மூன்றிலும் தேடுங்கள். ரஷ்ய மொழியில் உள்ள சோவியத் விசாரணைக் கோப்புகளில் தந்தை பெயரும் இருக்கும். ஒரே பெயர்க்காரர் இருவரைப் பிரிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

அந்தக் கோப்புகளில் உள்ள வாக்குமூலங்கள் பல மிரட்டியும் அடித்தும் வாங்கியவை. அதற்காக ஒதுக்கவும் வேண்டாம். போர்க்காலத்திலேயே எழுதப்பட்ட தாளோடு ஒப்பிடுங்கள். லிதுவேனியாவில் இயங்கிய ஜெர்மன் கொலைப் படையின் தலைவர் கார்ல் யேகர் எழுதிய 'யேகர் அறிக்கை' 1941 டிசம்பர் 1 வரை நடந்த கொலைகளைத் தேதி, ஊர், எண்ணிக்கையோடு தருகிறது; மொத்தம் 1,37,346. 1941 அக்டோபரில் பெலாரஸின் ஸ்லுட்ஸ்க் ஊரில் நடந்த யூதப் படுகொலைக்கு, அங்கிருந்த ஜெர்மன் வட்டார ஆணையர் ஹைன்ரிஷ் கார்ல் அக்டோபர் 30-இல் மேலிடத்துக்கு அனுப்பிய முறையீட்டுக் கடிதம் இருக்கிறது. லிதுவேனியப் படையினரின் பங்கை அதுவே சொல்கிறது.

சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால் அவர் பணியில் இருந்தார் என்பது மட்டுமே உறுதி. குறிப்பிட்ட நாளில் எங்கே இருந்தார் என்பதற்குப் பட்டாலியனின் தினசரி உத்தரவுகளில் விடுப்பு, மருத்துவமனை, இடமாற்றப் பதிவுகளைப் பாருங்கள்.