இழப்பீட்டுத் தவணை கட்ட முடியவில்லையா? அமெரிக்கக் குற்ற வழக்குகளில் பலர் செய்யும் தவறுகள்

"கையில் காசில்லாதவனை ஜெயிலில் போட முடியாது" என்று நம்பிச் சும்மா இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. இது பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளை உள்ளே தள்ளுகிறது.

1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த பியர்டன் எதிர் ஜார்ஜியா வழக்கைப் பாருங்கள். திருட்டு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குச் சிறைக்குப் பதில் புரொபேஷன், அதாவது வெளியில் விட்டுக் கண்காணிப்பது. கூடவே 500 டாலர் அபராதம், பாதிக்கப்பட்டவருக்கு 250 டாலர் இழப்பீடு. கடன் வாங்கி 200 டாலர் கட்டினார். ஒரு மாதத்தில் வேலை போயிற்று. சரியாகப் படிக்கத் தெரியாதவர், வேறு வேலையும் கிடைக்கவில்லை. கெடு வருமுன்பே புரொபேஷன் அலுவலகத்துக்குத் தாமதமாகும் என்று சொல்லியும் விட்டார். ஆனாலும் புரொபேஷனை ரத்துசெய்து சிறைக்கு அனுப்பினார்கள்.

அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஏன் கட்டவில்லை என்று நீதிபதி முதலில் விசாரிக்க வேண்டும். வேண்டுமென்றே கட்டாதவரையும், பணம் திரட்ட உண்மையாக முயலாதவரையும் சிறைக்கு அனுப்பலாம். முயன்றும் முடியாதவர் என்றால், கெடுவை நீட்டிப்பது, அபராதத்தைக் குறைப்பது, சமூகப் பணி கொடுப்பது போன்ற மாற்று வழிகளைப் பார்க்க வேண்டும். அவை எதுவும் போதாது என்றால் மட்டுமே சிறை. அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் தரும் பாதுகாப்பு இது.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'முயற்சி'. வெறும் வாய்வார்த்தை எடுபடாது. வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்கள், சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, மருத்துவமனை பில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். மாதம் இருபது டாலர்தான் முடியும் என்றால் அதையாவது கட்டி ரசீது வாங்குங்கள். பயந்துகொண்டு வாய்தாவுக்குப் போகாமல் இருப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. கட்ட முடியாதது குற்றமல்ல, ஆனால் ஆஜராகாவிட்டால் அதற்கே தனியாக வாரண்ட் வரும்.

அடுத்து, தொகையையும் தவணையையும் குழப்பிக்கொள்வது. கூட்டாட்சி நீதிமன்றங்களில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாய இழப்பீடு விதிக்கும்போது, உங்கள் வசதியைப் பார்த்துத் தொகையைக் குறைக்க மாட்டார்கள். வசதி கணக்கில் வருவது தவணையை முடிவுசெய்யும்போதுதான். ஆகவே தொகையை எதிர்க்க வேண்டுமானால் நஷ்டக் கணக்கையே எதிர்க்க வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. உங்கள் வரவு செலவை, குடும்பப் பொறுப்புகளை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கணக்கை விட்டுவிட்டு வறுமையை மட்டும் பேசுகிறார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தில் படிக்காமல் கையெழுத்திடுவதும் ஆபத்து. நிரூபணமான குற்றத்தால் வந்த நஷ்டத்துக்குத்தான் இழப்பீடு என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு மேலும் தருகிறேன் என்று ஒப்பந்தத்தில் நீங்களே எழுதிக்கொடுத்தால் அது செல்லும். அப்புறம் வட்டி. கூட்டாட்சி வழக்குகளில் 2,500 டாலரைத் தாண்டிய தொகையைத் தீர்ப்பு வந்து 15ஆவது நாளுக்கு முன் முழுதாகக் கட்டாவிட்டால் வட்டி ஏறும். கட்ட வசதியில்லை என்று கண்டால் வட்டியைத் தள்ளுபடி செய்ய நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. தண்டனை விதிக்கும் நாளிலேயே வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.

வேலை போனாலோ வருமானம் குறைந்தாலோ நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பது கடமை. தெரிவித்தால் தவணையை மாற்றியமைக்க வழியும் இருக்கிறது. திவால் மனு போட்டுத் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இந்தக் கடன் அதில் கரையாது.

கடைசியாக ஒன்று. மேல்முறையீட்டில் தண்டனை ரத்தாகி, மறுவிசாரணைக்கும் இடமில்லாமல் போனால், கட்டிய இழப்பீட்டை மாநிலம் திருப்பித் தர வேண்டும். நிரபராதி என்று நிரூபித்தால்தான் தருவோம் என்று கொலராடோ வைத்திருந்த நிபந்தனையை 2017இல் நெல்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. பணம் தானாக வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டாம். ரசீதுகளோடு மனு போட்டுக் கேளுங்கள்.