ஜிடிஎக்ஸில் விழி நரம்பை அளக்கும்போது: முதலில் உடுக்கையைத் தேடுங்கள்

ஜிடிஎக்ஸ் என்பது விழித்திரையின் நரம்பிழை அடுக்கு எவ்வளவு தடிமன் என்று லேசரால் அளக்கும் கருவி. விழித்திரை நரம்பிழைகளுக்குள் நுண்குழல்கள் இணை இணையாக ஓடுகின்றன. தளவிளைவுற்ற லேசர் ஒளி (சுமார் 780 நானோமீட்டர்) அவற்றில் புகுந்து திரும்பும்போது அதன் இரு கூறுகளில் ஒன்று பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலைத்தான் ஜிடிஎக்ஸ் மைக்ரானாக மாற்றிக் காட்டுகிறது. ஆனால் கார்னியாவும் (கண்ணின் முன்புறம் உள்ள ஒளிபுகும் படலம்) ஒளியை இப்படியே பின்தங்க வைக்கும். அதன் பங்கைக் கழிக்காதவரை கிடைப்பது நரம்பின் அளவே அல்ல.

கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து தேவையில்லை. கண்ணைத் தொட்டு அழுத்தம் பார்ப்பது, ஜெல் வைத்து கோனியோஸ்கோப்பி (கண்ணின் வடிகால் கோணத்தைப் பார்க்கும் சோதனை) செய்வது எல்லாம் ஸ்கேனுக்குப் பிறகுதான். கார்னியா மங்கினால் படமும் மங்கும். கண்ணாடிப் பவரைப் பதியும்போது ஸ்பியருடன் சிலிண்டரில் பாதியைக் கூட்டுங்கள்: −2.00, சிலிண்டர் −1.00 என்றால் −2.50.

பெங்களூரில் ஹலசூரு, சிவாஜி நகர் பக்கத்திலிருந்து வரும் நம் பெரியவர்களிடம் வெறுமனே "அசையாதீங்க" என்றால் உடம்பே விறைத்துவிடும். "அம்மா, ரெண்டு தடவை கண்ணைச் சிமிட்டுங்க, இப்ப அந்த வெளிச்சத்தையே பாருங்க" என்று தமிழிலேயே சொல்லுங்கள். சிமிட்டியதும் கண்ணீர்ப் படலம் சமமாகும். ஸ்கேன் ஒரு விநாடிகூட ஆகாது.

முதல் படம் மாக்குலாவுடையது, அதாவது விழித்திரையின் நடுப்புள்ளி. கார்னியாவின் பங்கு கழியாமல் இருந்தால் அங்கே உடுக்கை வடிவம் தெரியும்: நடுவில் ஒடுங்கி, எதிரெதிரே விரியும் இரண்டு பளிச்சென்ற சிறகுகள். கருவி அதன் அச்சையும் அளவையும் வைத்தே ஈடுகட்டுகிறது. ஈடுகட்டிய படத்தில் மாக்குலா சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். உடுக்கை மிஞ்சியிருந்தால் மேலே போகாதீர்கள், திரும்ப எடுங்கள். மாக்குலாவே நோயுற்ற கண்ணில் உடுக்கையை நம்ப முடியாது. ஒழுங்கற்ற மாக்குலாவுக்கான முறையைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது பார்வை நரம்புத் தட்டு, அதாவது நரம்பிழைகள் ஒன்றுசேர்ந்து கண்ணை விட்டு வெளியேறும் இடம். படத்தின் நடுவில் வைத்து, வட்டத்தைத் தட்டின் விளிம்போடு ஒட்டிப் பொருத்துங்கள். தரப் புள்ளி 8-க்குக் கீழே வந்தால் அந்தப் படம் வேண்டாம்.

நல்ல கண்ணில் மேலும் கீழும் மஞ்சள், சிவப்பு, இருபக்கமும் நீலம். மூக்குப் பக்கமும் நெற்றிப்பொட்டுப் பக்கமும் கதிர்போல் பளிச்சென்ற பட்டைகள் விழுந்தால் அது தடித்த நரம்பில்லை, அளவீட்டில் கலந்த பொய்க் குறி. டிஎஸ்எஸ் (படம் இயல்பான வடிவத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற மதிப்பெண்) 80-க்குக் கீழே இருப்பதும் இதன் அடையாளம்தான். இசிசி முறை (கார்னியாவின் பங்கை இன்னும் நன்றாக ஈடுகட்டும் முறை) இருந்தால் அதில் எடுங்கள். தட்டைச் சுற்றித் திசு தேய்ந்திருந்தாலும் வெண்ணிற ஸ்கிளீரா பொய்த் தடிமன் காட்டும்.

என்எஃப்ஐ (நரம்பிழை அடுக்கின் நிலையைச் சொல்லும் ஒரே எண்) 30 வரை இயல்பு, 31 முதல் 50 எல்லைக்கோடு, அதற்கு மேல் கிளாகோமா (பார்வை நரம்பைச் சிதைக்கும் நோய்) சந்தேகம். பார்வைப் புலச் சோதனை இல்லாமல் இந்த ஒரு எண்ணை வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஓசிடி (விழித்திரையைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் ஸ்கேன்) காட்டும் மைக்ரானோடும் ஒப்பிடாதீர்கள்; இரண்டும் வேறு அளவுகோல். லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்க லேசரால் கார்னியாவைச் செதுக்கும் சிகிச்சை) செய்தவருக்குப் பழைய கார்னியா அளவு உதவாது, புதிதாக எடுங்கள்.