இன்விசிபிள் ஆனவரை டிஎம் எப்படிச் சமாளிப்பது?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தில் புதிதாக டிஎம் (ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்பவர்) ஆனவர்களைச் சீக்கிரமே திணற வைப்பது இன்விசிபிலிட்டி ஸ்பெல், அதாவது ஆளைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் மந்திரம். விசார்ட் (மந்திரவாதி) மூன்றாம் லெவலுக்கு வந்தாலே அதைக் கற்றுக்கொள்ளலாம். உடனே ஆட்டக்காரர், "என்னை யாராலும் பார்க்க முடியாதே, நேரா உள்ளே போய் சாவியை எடுத்துட்டு வந்துடறேன்" என்பார். சரி என்றால் ஆட்டத்தில் சுவாரசியம் போய்விடும். முடியாது என்றால் அவர் முகம் வாடிவிடும். இரண்டும் வேண்டாம். 2014இல் வந்த ஐந்தாம் எடிஷன் விதிகளை வைத்து, எந்த வரிசையில் யோசித்துத் தீர்ப்புச் சொல்வது என்று பார்ப்போம். 2024 புத்தகத்தில் மாறியவற்றை ஆங்காங்கே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு சின்ன பார்ட்டி, அதாவது குழு: மாறன் விசார்ட், கயல் ரோக் (பதுங்கித் திருடுபவள்), இருவரும் மூன்றாம் லெவல். ஒரு அறையில் நான்கு கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்), மேசை மேல் சாவிக்கொத்து. மாறன் கயலைத் தொட்டு ஸ்பெல் போடுகிறான்.

படி 1: ஸ்பெல்லைக் கடைசி வரி வரை படியுங்கள்

ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். ஆனால் மாறன் அதுவரை கான்சன்ட்ரேஷனை (ஸ்பெல் மேல் வைத்த கவனத்தை) விடக்கூடாது. அவனுக்கு அடி விழுந்தால் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் உறுதியை வைத்துத் தாக்குப்பிடிக்க உருட்டும் டைஸ்) போட வேண்டும். இலக்கு 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, எது அதிகமோ அது. தோற்றால், அறைக்குள் நிற்கும் கயல் அந்த நொடியே எல்லார் கண்ணிலும் படுவாள்.

உடுத்தியிருப்பது, கையில் வைத்திருப்பது எல்லாம் சேர்ந்தே மறையும். கீழே போட்டால் பொருள் தெரியும். பிறகு எடுத்த சாவி மறையுமா? அவள் அதைத் தன்னிடம் வைத்திருக்கிறாள் அல்லவா, மறையும் என்றே நான் தீர்ப்புச் சொல்வேன். கையில் எரியும் பந்தத்தின் வெளிச்சம் மட்டும் மறையாது. இது விதியில் இல்லை, என் முடிவு. ஆளில்லாமல் ஒரு வெளிச்சம் நடந்து வந்தால் எந்தக் கோப்ளினும் கத்தத்தான் செய்யும்.

படி 2: இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான இடம். ஆட்டமேசையில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருபவை.

முதல் கேள்வி: எதிரியால் அவளைப் பார்க்க முடியுமா? முடியாது, ஸ்பெல்லே அதைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது: அவள் எங்கே இருக்கிறாள் என்று எதிரிக்குத் தெரியுமா? இதற்கு ஸ்பெல் பொறுப்பில்லை. காலடிச் சத்தமும் தரையில் பதியும் தடமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று விதியே சொல்கிறது. இடமும் தெரியக்கூடாது என்றால் அவள் ஒளிந்துகொள்ள வேண்டும், அதாவது ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) டைஸ் போட வேண்டும். ஸ்பெல் இங்கே தருவது என்னவென்றால், ஒளிய ஒரு தூணோ பீப்பாயோ தேவையில்லை. நட்ட நடுக்கூடத்தில்கூட ஒளியலாம்.

கயல் ஸ்டெல்த்தில் 14 எடுக்கிறாள் என்று வையுங்கள். கோப்ளினின் பேசிவ் பெர்செப்ஷன் (டைஸ் உருட்டாமலே கவனிக்கும் திறனின் எண்) 9. யாருக்கும் எதுவும் தெரியாது; சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். 6 எடுத்தால்? உடனே அவளைப் பிடித்துவிட்டார்கள் என்று அறிவிக்காதீர்கள். பலகை கிறீச்சிடுகிறது, ஒரு கோப்ளின் தலையைத் திருப்புகிறது, "யாரது?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பக்கம் கத்தியை வீசுகிறது. அதற்கு அவள் நிற்கும் கட்டம் (ஆட்ட வரைபடத்தின் சதுரம்) தெரியும், உருவம் தெரியாது.

எப்போதும் டைஸ் உருட்ட வேண்டும் என்றும் இல்லை. கூச்சலும் மேளமுமாக இருக்கும் சத்திரத்தில் ஒருத்தி ஓரமாக நடப்பதற்கு எதற்கு ஸ்டெல்த்? விட்டுவிடுங்கள். அதுவே இரவில் காவலன் உட்கார்ந்திருக்கும் கல் தாழ்வாரம் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

சண்டை தொடங்கியபின் ஒளிவதற்கு ஒரு ஆக்ஷன் (தன் முறையில் செய்யும் முக்கியச் செயல்) செலவாகும். ரோக் இரண்டாம் லெவலிலிருந்து அதை போனஸ் ஆக்ஷனாகவே (கூடுதல் சிறு செயலாகவே) செய்யலாம். அதனால்தான் இந்த ஸ்பெல்லுக்கு ரோக் இத்தனை பொருத்தம்.

படி 3: சண்டைக் கணக்கு

இடம் தெரிந்தாலும் அவளை அடிப்பவருக்கு டிஸ்அட்வான்டேஜ்: இரண்டு டி20 (இருபது முக டைஸ்) உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். கயலின் ஏசி (அவள் மேல் அடி பட எட்ட வேண்டிய எண்) 15, கோப்ளினின் உருட்டலோடு +4 கூடும். சாதாரணமாக 11 தேவை, அதாவது 50 சதவீதம். டிஸ்அட்வான்டேஜில் அது 25 ஆகிவிடும். அவள் அடித்தால் அட்வான்டேஜ் (இரண்டில் அதிகமானது), கூடவே ரோக்கின் கூடுதல் அடியான ஸ்னீக் அட்டாக்கும் கிடைக்கும்.

எதிரியைத் தாண்டி ஓடினால் ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகிறவர் மேல் போடும் அடி) கிடையாது. கண்ணுக்குத் தெரிபவர் மேல்தான் அதைப் போட முடியும். மேஜிக் மிசைல், ஹோல்ட் பெர்சன் போல இலக்கைப் பார்க்க வேண்டிய ஸ்பெல்களும் அவள் மேல் செல்லாது. ஃபயர்பால் செல்லும், அது இடத்தைத்தானே எரிக்கிறது.

இரண்டு பேருமே இன்விசிபிள் என்றால் அட்வான்டேஜும் டிஸ்அட்வான்டேஜும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சாதாரணமாக ஒரே டைஸ்.

படி 4: எப்போது கலையும்?

அடித்தாலோ ஸ்பெல் போட்டாலோ கலையும். முதல் அடிக்கு அட்வான்டேஜ் உண்டு, அதற்குப் பிறகு தெரிந்துவிடுவாள். கதவு திறப்பது, போஷன் குடிப்பது, நண்பனை இழுத்துச் செல்வது, எதிரியின் பையிலிருந்து திருடுவது எதுவும் அடி ஆகாது. எதிரியைப் பிடித்து இறுக்குவதும் தள்ளிவிடுவதும் 2014 விதிப்படி அடிதான்.

கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் இங்கே வந்து நிற்பார்கள்: "நான் அடிக்கலையே, சரவிளக்கின் கயிற்றைத்தான் அறுத்தேன்." 2014 வாசகத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2024இல் யாருக்காவது காயம் ஏற்படுத்தினாலே ஸ்பெல் கலையும் என்று சேர்த்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். பழைய புத்தகத்தில் ஆடினாலும் நான் இதையே பின்பற்றுவேன்.

நான்காம் லெவல் ஸ்பெல்லான கிரேட்டர் இன்விசிபிலிட்டி அடித்தாலும் கலையாது. இந்திரஜித் மறைந்து நின்றே அம்பு விட்டானே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஒரு நிமிடம்தான் தாங்கும், அதற்கும் கான்சன்ட்ரேஷன் வேண்டும்.

படி 5: எதிரிகளுக்கும் மூளை உண்டு, அளவோடு

ஓநாய்க்கு மோப்பம். அதன் பேசிவ் பெர்செப்ஷன் 13. வாசனையால் அறியும்போது அட்வான்டேஜ் இருப்பதால் 5 கூடி 18. காவலுக்கு ஒரு ஓநாயைக் கட்டிவைத்தாலே போதும், கயல் யோசிப்பாள். ஃபேரி ஃபயர் முதல் லெவல் ஸ்பெல்தான், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவில் தோற்றவர் மேல் ஒளி படிந்து இன்விசிபிள் பலன் போய்விடும்.

மாவைத் தூவினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்பார்கள். விதி இல்லை. ஒரு ஆக்ஷன் செலவழித்துச் சரியான கட்டத்தில் வீசினால், அவள் தட்டிவிடும்வரை டிஸ்அட்வான்டேஜ் கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக ஒவ்வொரு வில்லனிடமும் மாவு மூட்டையும் சீ இன்விசிபிலிட்டியும் (மறைந்தவரைக் காட்டும் ஸ்பெல்) வைக்காதீர்கள். ஸ்பெல் ஸ்லாட் (ஸ்பெல் போடும் ஒரு வாய்ப்பு) செலவழித்தவருக்கு அதன் பலன் கிடைக்க வேண்டும்.

எதிரி மறைந்தால்

ஒளிந்திருப்பவர் எங்கே என்று தெரியாதபோது கட்டத்தை ஊகித்து அடிக்கலாம். ஊகம் தவறென்றால் டைஸில் என்ன விழுந்தாலும் அடி படாது. இடம் தவறா, உருட்டல் போதவில்லையா என்பதை டிஎம் சொல்லக்கூடாது, "படவில்லை" என்று மட்டும் சொல்ல வேண்டும். அதனால் எதிரி எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்பதை ஒவ்வொரு டர்னிலும் உங்கள் தாளில் குறித்து வையுங்கள். மனதில் மட்டும் வைத்திருந்தால், ஆட்டக்காரர் சரியாக ஊகித்த நேரத்தில் அவனை ஒரு கட்டம் நகர்த்திவிடக் கை துறுதுறுக்கும்.