‘ரிசீட்’: உச்சரிப்பும் பிறப்பும்

பணமோ பொருளோ பெற்றுக்கொண்டதற்கான சான்றையும், பெறுதல் என்னும் செயலையும் குறிக்கும் ‘ரிசீட்’ என்ற ஆங்கிலச் சொல்லை உச்சரிக்கும்போது, முதலசையான ‘ரி’யைக் குறுக்கி, ‘சீ’யை அழுத்தி நீட்டி, ‘ட்’டில் நிறுத்த வேண்டும். எழுத்துக்கூட்டலில் கடைசி எழுத்துக்கு முன் நிற்கும் ‘பி’யை ஒலிக்கவே கூடாது, ‘ரிசிப்ட்’ என்பது பிழை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இச்சொல்லில் அந்த எழுத்தே இல்லை. ‘பெறப்பட்டது’ எனப் பொருள்படும் ‘ரெசெப்டா’ என்ற இலத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காகப் பின்னர் எழுத்தில் மட்டும் அதைச் செருகினார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த, வஞ்சகத்தைக் குறிக்கும் ‘டிசீட்’ எப்படியோ தப்பிவிட்டது. நம் ‘ரசீது’ இதன் திரிபு என்று பலர் நினைப்பதுண்டு. ஒலி ஒத்திருந்தாலும் அது பாரசீகத்திலிருந்து வந்த வேறு சொல்.