பத்திரம் சரி, தண்ணீர் எங்கே போய் நிற்கும்?

என் அக்கா சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் ஃப்ளாட் வாங்கியது ஒரு மே மாதத்தில். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் பார்த்தோம். வக்கீலிடம் லீகல் ஒப்பீனியனும் வாங்கினோம். எதிலும் குறை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தத் தரைத்தள வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. நிலம் யாருடையது என்று கேட்டிருந்தோம், அதற்குக் காகிதங்கள் சரியாகவே பதில் சொல்லியிருந்தன. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. அதனால் வீடு தேடுகிறேன் என்று யார் சொன்னாலும் முதலில் இந்தப் பேச்சைத்தான் எடுக்கிறேன்.

"2015லயே இங்க தண்ணி வரல சார்." இந்த ஒரு வரியை நம்பி அட்வான்ஸ் கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையை அடித்தது ஆற்று வெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி திறந்துவிட்டார்கள், வழியிலிருந்த மற்ற ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்துகொண்டது. முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கரையோரம் முழுக்க அடி வாங்கியது. 2023இல் தென்சென்னையில் நடந்தது வேறு. கொட்டிய மழை வடிய வழியில்லாமல் நின்றது. அந்தப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். புயல் நேரத்தில் கடல் பொங்கி நிற்கும், வருகிற தண்ணீரை லேசில் வாங்காது. அப்போது ஆறே இல்லாத மடிப்பாக்கம், பெரும்பாக்கம் தெருக்களும் குளமாகிவிடும். ஒரு வெள்ளத்தில் தப்பித்த வீடு இன்னொன்றில் தப்பும் என்று சொல்ல முடியாது.

எனவே இரண்டு வருடங்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். தண்ணீர் வந்ததா என்பதோடு எத்தனை நாள் நின்றது, கரண்ட் எப்போது வந்தது என்றும் கேளுங்கள். விற்பவரிடமும் புரோக்கரிடமும் கேட்பதைவிட இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக்கடைக்காரர், பத்து வருடமாகப் பால் போடுகிறவர் ஆகியோரிடம் கேட்பது நல்லது. அவர்களுக்கு மறைக்க வேண்டிய காரணம் இல்லை.

வெயில் காலத்தில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். முடியாவிட்டால் சுவர்களைப் பாருங்கள். புது பெயின்ட் இடுப்பளவுக்கு மட்டும் அடித்திருக்கிறதா? அக்கம்பக்கத்தில் ஈபி மீட்டர் பெட்டிகளைத் தலை உயரத்துக்கு மாற்றியிருக்கிறார்களா? வாசலில் சிறு தடுப்புச்சுவர் கட்டி அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறதா? பழைய வீடென்றால் சாலை மட்டத்தையும் கவனியுங்கள். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துபோய், படியேறிப் போன வீட்டுக்கு இன்று படியிறங்கிப் போகிறார்கள்.

காகிதத்தில் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. வில்லங்கச் சான்றில் அந்தச் சொத்தின் பத்திரப்பதிவுகள்தான் வரும், ஏரி வராது. நிலத்தின் வகைப்பாடு வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் சர்வே எண்ணோடு நிறுத்திவிடாமல், சுற்றியுள்ள எண்களையும் கிராம வரைபடத்தையும் எஃப்எம்பி என்கிற புல அளவு வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். ஓடை, வாய்க்கால், குட்டை, கழுவேலி (சதுப்பு நிலம்) என்று பக்கத்தில் எங்காவது இருந்தால், இன்று அங்கே கட்டடம் நின்றாலும் மழைநீர் அந்தப் பழைய வழியைத்தான் தேடி வரும். ஊர்ப்பெயர்களும் துப்பு கொடுக்கும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு, ஏரிதான் இல்லை. அங்கிருந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள்.

நீர்நிலை அருகே வரும் புது அடுக்குமாடி என்றால் பில்டரிடம் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். மனையை எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தால், அந்த மண் பழைய நிலையில் எவ்வளவு தாழ்வு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

"நாங்க மூணாவது மாடி, எங்களுக்கென்ன" என்பதும் தவறுதான். சம்ப், மோட்டார், லிஃப்ட் குழி, ஈபி பேனல், கார் எல்லாம் கீழேதான் இருக்கின்றன. குடிதண்ணீரும் கரண்டும் இல்லாமல், வயதான அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு மேலே நான்கு நாள் இருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இனி காப்பீடு. வெள்ளத்துக்காக வீட்டைக் காப்பீடு செய்தே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. கடன் கொடுக்கும் வங்கி ஒப்பந்தத்தில் நிபந்தனை வைக்கலாம், அவ்வளவுதான். அக்கா வீட்டில் கடன் வாங்கும்போதே ஒரு தொகை இன்சூரன்ஸ் என்று பிடித்தார்கள். வீட்டுக்குத்தான் என்று நினைத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்தபிறகு எடுத்துப் பார்த்தால் அது மாமாவின் ஆயுள் காப்பீடு. அவருக்கு ஏதாவது ஆனால் கடன் அடையும். நனைந்த சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஒரு ரூபாய்கூட வராது. கடன் வைத்திருப்பவர்கள் இன்றே அந்தக் காகிதத்தை எடுத்துப் படியுங்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசியைக் கொண்டுவந்தது. புயல், வெள்ளம், நீர் தேங்குவது மூன்றும் அதில் அடக்கம். இதில் ஃப்ளாட் வாங்கிய விலைக்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று நினைத்து மலைத்துப் போகிறார்கள். நிலத்தின் விலை இதில் சேராது, திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. 80 லட்சத்துக்கு வாங்கிய ஃப்ளாட்டின் கார்ப்பெட் ஏரியா 1,000 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் தொகை 25 லட்சம். வீட்டுப் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேரும். அதற்குமேல் இருந்தால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். வண்டிகள் இதில் வராது. காருக்கு எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும், தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவும் கூடாது.

புயல் செய்தி வந்தபிறகு அலையாமல் ஆடி, ஆவணியிலேயே எடுத்துவிடுங்கள். பாலிசி தொடங்குமுன் நடந்த சேதத்துக்குப் பணம் கிடையாது.

அக்காவின் பக்கத்து பிளாக்கில் ஒருவர் பாலிசி எடுத்து வைத்திருந்தார். ஆனால் நாற்றம் தாங்காமல், சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வருவதற்கு முன்பே வாஷிங் மெஷின், மெத்தை, அலமாரி எல்லாவற்றையும் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டார். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. நிறுவனத்துக்கு உடனே போன் செய்துவிட்டு, சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய வீடியோ எடுத்து, நனைந்த பொருட்களை மொட்டை மாடியில் இரண்டு நாள் போட்டு வைத்திருந்தால் போதும். பில்களின் நகலைப் போனிலேயே சேர்த்து வைத்திருந்த அவர் தம்பிக்கு, அதே தெருவில், பணம் வந்தது.