கல்லூரி ஃபுட்பால் கார்னர்பேக்கை எடைபோடுவது எப்படி? புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

2023 ஏப்ரலில் அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் நிகழ்ச்சி) வாஷிங்டன் அணி 16-வது ஆளாக எடுத்தது இம்மானுவேல் ஃபோர்ப்ஸ் என்ற கார்னர்பேக்கை. அடுத்ததாக, 17-வது இடத்தில் நியூ இங்கிலாந்து எடுத்தது கிறிஸ்டியன் கொன்சாலஸை. அவரும் கார்னர்பேக்தான். அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் வாஷிங்டன் செய்ததையே நானும் செய்திருப்பேன். மிசிசிப்பி ஸ்டேட்டில் மூன்று சீசனில் ஃபோர்ப்ஸ் 14 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைத் தானே பிடிப்பது) எடுத்திருந்தார். அதில் ஆறை அப்படியே திருப்பி ஓடி டச்டவுன் ஆக்கியிருந்தார். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் மட்டத்தில் அது சாதனை. கொன்சாலஸோ கொலராடோவில் இரண்டு சீசன் ஆடி ஒன்றுகூட எடுக்கவில்லை. ஆரிகனுக்கு மாறிய பிறகு நான்கு.

பதினாலா நாலா என்று பார்த்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் ஃபோர்ப்ஸை இரண்டாவது சீசன் முடிவதற்குள் வாஷிங்டன் விடுவித்துவிட்டது, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி எடுத்துக்கொண்டது. கொன்சாலஸ் 2024-இல் ஆல்-புரோ (அந்த சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியல்) இரண்டாம் அணியில் வந்து நின்றார். நான் ஹைலைட்ஸ் பார்த்தே முடிவு கட்டியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு முழு ஆட்டமாக, ஒரு ஆளை மட்டும் பார்க்கும் பழக்கத்துக்கு வந்தேன். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அமெரிக்க ஃபுட்பாலின் அடிப்படை ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

கார்னர்பேக்கின் வேலை சொல்ல எளிது, செய்யக் கஷ்டம். ஓரத்தில் நிற்கும் ரிசீவர் பந்தைப் பிடிக்க ஓடுவார். அவரைப் பிடிக்கவிடக் கூடாது. ரிசீவருக்குத் தான் எங்கே போகிறோம் என்று தெரியும். கார்னருக்குத் தெரியாது. பாதி நேரம் பின்பக்கமாக வேறு ஓட வேண்டும். கபடியில் கார்னர் நிற்பவரின் கண் ரெய்டரின் காலிலேயே இருக்கும் இல்லையா, இங்கே இருக்கும் கார்னருக்குக் கண் ரிசீவரின் இடுப்பில். தலையையும் தோளையும் ஆட்டி ஏமாற்றலாம், இடுப்பு போகும் பக்கம்தான் ஆள் போக முடியும்.

படி 1: முழு ஆட்டத்தை எடுங்கள், பந்தை மறந்துவிடுங்கள்

ஹைலைட்ஸ் என்பது ஒருவர் ஜெயித்த தருணங்களின் தொகுப்பு. கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் குடும்பத்தை எடைபோடுவது மாதிரி. ஒரு ஆளுக்குக் குறைந்தது மூன்று முழு ஆட்டம் வேண்டும்: ஒன்று பலமான பாஸிங் அணியோடு, ஒன்று சாதாரண அணியோடு, ஒன்று அவர் சொதப்பிய ஆட்டம். மூன்றாவதைத் தேடிப்பிடித்துப் பார்க்க வேண்டும், தானாக உங்கள் கண்ணில் படாது.

ஒரு சிக்கல் உண்டு. டிவி கேமரா பந்தின் பின்னால் போகும். ஸ்நாப் ஆன, அதாவது பந்தைக் கொடுத்து ஆட்டத்துண்டு தொடங்கிய, இரண்டு நொடியில் ஓரத்தில் இருக்கும் கார்னர் திரையைவிட்டே போய்விடுவார். மைதானத்தில் உள்ள 22 பேரும் தெரியும் பயிற்சியாளர் வீடியோ கல்லூரி ஆட்டங்களுக்குப் பொதுவாக நம் கைக்கு வராது. ஆகவே இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஸ்நாப்புக்கு முன் அவர் நிற்கும் இடம், முதல் இரண்டு மூன்று அடி, பிறகு பின்கோணத்தில் ரீப்ளே போட்டால் அது. தெரியாததைத் தெரியவில்லை என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் ஒரு ஸ்நாப்புக்கு ஒரு எழுத்துதான். ரிசீவரோடு ஒட்டியே இருந்தால் "ஒ". விட்டுவிட்டால் "வி". ஆளைப் பார்க்காமல் இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்பு என்றால் "ஸோ". திரையில் இல்லையென்றால் "தெ". முதல் ஆட்டத்தில் பக்கம் முழுக்க "தெ"யாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

படி 2: எந்தப் பக்கம் நிற்கிறார்?

புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதை. கல்லூரி மைதானத்துக்கும் என்எஃப்எல் மைதானத்துக்கும் அகலம் ஒன்றே, 160 அடி. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துண்டும் தொடங்கும் ஹேஷ் கோடுகள் கல்லூரியில் 40 அடி இடைவெளியில் இருக்கும். என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். பந்து ஒரு ஹேஷில் இருந்தால் கல்லூரியில் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி என்று ஆகிவிடும்.

குறுகிய பக்கம் நிற்பவரை பவுண்டரி கார்னர் என்பார்கள். அகலமான பக்கம் நிற்பவர் ஃபீல்ட் கார்னர். பவுண்டரி கார்னருக்குக் கோடு ஒரு கூடுதல் தடுப்பாளர் மாதிரி. ரிசீவரை ஓரத்துக்குத் தள்ளினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு அந்தப் பக்கம் எறிவது சுலபம், ஓட்ட ஆட்டமும் அவர் மேலேயே வரும். ஃபீல்ட் கார்னருக்குக் காக்க வேண்டிய நிலம் நிறைய, ஆனால் பந்து வந்துசேர நேரம் எடுக்கும், அதனால் திரும்பிப் பார்த்து ஓடிவர வாய்ப்பு உண்டு. ஆக, இவர் பக்கத்தைவிட அவர் பக்கம் அதிகம் எறிந்தார்கள் என்று சொல்வதற்கு முன்னால் இருவரும் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பாருங்கள். சில அணிகள் ஆளை இடம் வலம் என்று நிரந்தரமாக நிறுத்திவிடும், அது வேறு கணக்கு.

கூடவே எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதையும் எழுதுங்கள். ரிசீவரின் முகத்துக்கு நேராக நின்று கையால் தடுத்தால் பிரஸ். ஏழெட்டு யார்டு தள்ளி நின்றால் ஆஃப். எப்போதும் ஆஃபிலேயே நிற்கும் ஒருவரை எப்போதும் பிரஸ் ஆடுபவரோடு ஒரே தராசில் வைக்க முடியாது.

படி 3: இடுப்பையும் காலையும் பாருங்கள்

இங்கேதான் நேரம் போகும், போகட்டும். ஒரு ஸ்நாப்பை மனதில் ஓட்டிப் பார்ப்போம். மூன்றாவது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), 8 யார்டு தேவை. கார்னர் 7 யார்டு தள்ளி நிற்கிறார். ஸ்நாப் ஆனதும் ரிசீவர் நேராக அவரை நோக்கி ஓடிவருகிறார். கார்னர் மார்பை முழங்காலுக்கு மேலே தாழ்த்தி, முன்பாதத்தில் எடையை வைத்துப் பின்னால் நகர்கிறார். இடைவெளி ஏழிலிருந்து நாலு, மூன்று என்று சுருங்குகிறது.

இப்போது ரிசீவர் தோளை வெளிப்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டுகிறார். பதற்றக்காரர் உடனே இடுப்பைத் திருப்பிக்கொண்டு ஓடத் தொடங்குவார். அவ்வளவுதான், ரிசீவர் டக்கென்று நின்று திரும்பிப் பந்தை வாங்கிக்கொள்வார். நிதானக்காரர் காத்திருப்பார். ரிசீவரின் இடுப்பு இறங்குகிறதா? இறங்கினால் நிற்கப்போகிறார் என்று அர்த்தம். அந்தக் கணத்தில் கார்னர் பின்காலை ஊன்றி முன்னால் பாய வேண்டும். எத்தனை அடியில் பாய்ந்தார் என்று எண்ணுங்கள். ஒரே அடியில் பாய்ந்தால் அருமை. கோழி தரையைச் சீய்க்கிற மாதிரி மூன்று நாலு சின்ன அடி வைத்தால், என்எஃப்எல்லில் அந்த நேரத்துக்குள் பந்து போய்ச் சேர்ந்துவிடும்.

வீடியோவைப் பாதி வேகத்தில் வையுங்கள். இந்த ஸ்நாப்பில் பந்து மறுபக்கம் போயிருக்கலாம். எந்தப் புள்ளிவிவரத்திலும் இது வராது. உங்கள் நோட்டில் மட்டும் ஒரு "ஒ" விழும். அது விழுகிற ஒரே இடம் அதுதான்.

படி 4: பந்து காற்றில் இருக்கும்போது

ஒட்டி ஓடியும் கடைசியில் கோட்டைவிடுபவர்கள் நிறைய. பந்து வரும்போது தலையைத் திருப்பி அதைத் தேடுகிறாரா, ரிசீவரின் கையைப் பார்த்துத் தட்டிவிடுகிறாரா, இல்லை பதறிப்போய்ச் சட்டையைப் பிடிக்கிறாரா?

சட்டையைப் பிடிப்பதில் ஒரு விதி நுணுக்கம். பாஸ் தடுப்பில் ஆளை இழுத்த தப்புக்குக் கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டு தண்டனை. என்எஃப்எல்லில் தப்பு நடந்த இடத்துக்கே பந்து போகும், அது 40 யார்டாக இருந்தாலும் சரி. மேலும் என்எஃப்எல்லில் 5 யார்டுக்கு மேல் ரிசீவர்மேல் கைவைக்கக் கூடாது. கல்லூரியில் பந்து கையைவிட்டுக் கிளம்பும் வரை ஓரளவு இடிக்க இடம் உண்டு. இருபது யார்டு தாண்டியும் கை போட்டுக்கொண்டே ஓடும் ஒருவரைக் கண்டால் நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதிவையுங்கள். இன்று அது பலம், நாளை அதுவே தண்டனைக் கொடி.

முன்னாள் ரிசீவர்கள் கார்னராக மாறினால் இந்தப் படியில் மின்னுவார்கள். ரிச்சர்ட் ஷெர்மன் ஸ்டான்ஃபோர்டில் ரிசீவராக இருந்து மாறியவர்தான். 2011-இல் ஐந்தாவது சுற்றுவரை யாரும் எடுக்கவில்லை.

படி 5: டாக்கிள்

சுருக்கமாக. டாக்கிள் என்றால் பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது. ஓட்ட ஆட்டம் தன் பக்கம் வரும்போது முன்னே வருகிறாரா, பிளாக்கருக்குப் பின்னால் ஒளிகிறாரா? திறமை குறைவு என்றால் கற்றுக்கொடுக்கலாம். மனம் இல்லையென்றால் கஷ்டம். மூன்று ஆட்டத்தில் இது தெரிந்துவிடும்.

படி 6: இப்போதுதான் எண்கள்

எண்களை முதலில் பார்த்தால் கண் அதற்குத் தகுந்த மாதிரியே பார்க்கும். அதனால்தான் கடைசிக்குத் தள்ளினேன்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இருவரும் பாஸ் தடுப்பில் 300 முறை நின்றார்கள். முதலாமவர் பக்கம் 60 முறை எறிந்து 30 பிடித்தார்கள், 50 சதவீதம். இரண்டாமவர் பக்கம் 30 முறை எறிந்து 18 பிடித்தார்கள், 60 சதவீதம். சதவீதத்தைப் பார்த்தால் முதலாமவர் கெட்டி. ஆனால் அதே 300 வாய்ப்பில் இரண்டாமவர் விட்டது 18 பந்து, முதலாமவர் விட்டது 30. குவார்ட்டர்பேக்குகள் இரண்டாமவர் பக்கம் எறியவே யோசித்திருக்கிறார்கள். எப்போதும் நின்ற எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், எறிந்த எண்ணிக்கையால் மட்டும் அல்ல.

தன் பக்கம் எறியும்போது குவார்ட்டர்பேக்குக்கு விட்டுக்கொடுத்த பாஸர் ரேட்டிங் (எறிதலுக்கான மதிப்பெண்) என்று ஒன்றைப் போடுவார்கள். என்எஃப்எல் சூத்திரத்தில் அதன் உச்சம் 158.3. எல்லாப் பந்தையும் தரையில் எறிந்தாலே 39.6 வந்துவிடும். ஒருவர் அதற்கும் கீழே விட்டுக்கொடுத்திருந்தால், அவர் பக்கம் எறிவதைவிடப் பந்தைத் தரையில் போடுவது மேல் என்று ஆகிறது! ஒரு எச்சரிக்கை: ஸோன் தடுப்பில் யார் பொறுப்பு என்பது வெளியே இருந்து பார்ப்பவரின் ஊகம்தான்.

இன்டர்செப்ஷன் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்எஸ்யுவின் கார்னர் டெரெக் ஸ்டிங்லி 2019-இல் முதலாம் ஆண்டு மாணவராக 6 எடுத்தார். அடுத்த இரண்டு சீசனில் காயமும் சேர்ந்து 10 ஆட்டம்தான் ஆடினார், ஒன்றும் எடுக்கவில்லை. 2022-இல் ஹூஸ்டன் அவரை 3-வதாக எடுத்தது. அதற்கு அடுத்த இடத்தில் நியூயார்க் ஜெட்ஸ் எடுத்தது சின்சினாட்டியின் சாஸ் கார்ட்னரை. கல்லூரிக் காலம் முழுக்கத் தான் காத்த ரிசீவரை ஒரு டச்டவுன்கூட அடிக்கவிடாதவர்.

படி 7: எதிரே யார்?

கார்ட்னரின் அந்தச் சாதனைக்கு அன்றைக்கு வந்த ஒரே கேள்வி இதுதான். சின்சினாட்டி அப்போது ஆடியது சற்றுச் சின்ன கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு). வாராவாரம் எல்எஸ்யு சந்தித்த ரிசீவர்கள் அங்கே கிடையாது. அப்படி ஒருவரை எடைபோடப் பலமான அணியோடு ஆடிய ஆட்டத்தைத் தேடுங்கள். கார்ட்னருக்கு அது 2021 டிசம்பர் 31-இல் அலபாமாவோடு ஆடிய அரையிறுதி. சின்சினாட்டி 27-6 என்று தோற்றது. ஸ்கோரை விடுங்கள், அவர் பக்கத்தை மட்டும் பாருங்கள்.

இரண்டு கார்னரும் ஒரே எதிரணியோடு ஆடியிருந்தால் அந்த ஜோடி ஆட்டங்களை முதலில் எடுங்கள். அந்தந்தக் கார்னருடைய அணியின் முன்வரிசையையும் கவனியுங்கள். குவார்ட்டர்பேக்கை இரண்டு நொடியில் விரட்டும் அணியில் கார்னர் வேலை பாதி குறைந்துவிடும்.

படி 8: அளவுகள்

இண்டியானாபொலிஸில் வருடாவருடம் நடக்கும் கம்பைன் என்ற உடல்திறன் சோதனையில் உயரம், எடை, கை நீளம், 40 யார்டு ஓட்டம் எல்லாம் எடுப்பார்கள். ஃபோர்ப்ஸ் 4.35 நொடி, கொன்சாலஸ் 4.38. வித்தியாசமே இல்லை. எடையில்தான் இருந்தது: ஃபோர்ப்ஸ் 166 பவுண்டு, நம் கணக்கில் 75 கிலோ. கொன்சாலஸ் 197 பவுண்டு, 89 கிலோ. உயரம் இருவருக்கும் ஏறக்குறைய 6 அடி 1 அங்குலம். 14 கிலோ வித்தியாசத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன், "சாப்பிட்டால் ஏறிவிடும்" என்று எழுதியும் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

சரி, எந்த ஆட்டத்தில் ஆரம்பிப்பது?

2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸில் நடந்த தேசிய இறுதியாட்டம். எல்எஸ்யு 42, கிளெம்சன் 25. எல்எஸ்யுவில் 24-ஆம் எண் ஸ்டிங்லி. கிளெம்சனில் 8-ஆம் எண் கார்னர் ஏ.ஜே. டெரல். எல்எஸ்யு ரிசீவர் ஜமார் சேஸ் அன்று 9 பந்து பிடித்து 221 யார்டும் 2 டச்டவுனும் எடுத்தார்; அவருக்கு எதிரே பெரும்பாலும் நின்றவர் டெரல். மறுநாள் காலை எல்லோரும் அவரைக் கழுவி ஊற்றினார்கள். மூன்று மாதம் கழித்து அட்லாண்டா அவரையே 16-வதாக எடுத்தது, 2021-இல் ஆல்-புரோ இரண்டாம் அணிக்கு வந்தார்.

முதல் தடவை ஸ்டிங்லியை மட்டும் பாருங்கள். இரண்டாவது தடவை டெரலை மட்டும். சேஸ் ஒவ்வொரு பந்தைப் பிடிக்கும்போதும் நிறுத்தி, டெரல் எத்தனை அடி தள்ளி இருந்தார், தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று எழுதுங்கள். தோற்றது காலாலா, இடுப்பாலா, கடைசி நொடியில் கையாலா என்று உங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.