பிராய்லருக்கு ஆன்டிபயாட்டிக்குக்குப் பதிலாகப் பூண்டும் மஞ்சளும்: எது தண்ணீரில், எது தீவனத்தில்?

கோழி சீக்கிரம் எடை போட வேண்டும் என்று தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே நிறுத்திவிட்டது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால், அந்த மருந்துக்குச் சாகாத கிருமிகள்தான் கடைசியில் மிஞ்சும். அவை மனிதர்களுக்கும் பரவும். நான் நிறுத்தியதும் அதற்காகத்தான்.

கொட்டகை, கூளம், குஞ்சுக்கான சூடு எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: பூண்டுத் தண்ணீர்

மூன்றாவது வாரத்தில் இருக்கும் 100 கோழிகளுக்கு நான் எடுக்கும் அளவு, 20 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் பூண்டு. உரித்து நசுக்கி, 10 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். கிருமியை அடக்கும் அல்லிசின் முழுப் பல்லில் கிடையாது; நசுக்கிய பிறகுதான் உருவாகும். வேகவைத்தால் அதை உருவாக்கும் நொதியே செத்துவிடும், அதனால் அடுப்புப் பக்கமே போக வேண்டாம். அப்புறம் தண்ணீரில் கரைத்து, துணியில் இரண்டு முறை வடிகட்டி, காலையிலேயே கொடுத்துவிடுங்கள். மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

படி 2: மஞ்சள் தீவனத்தில் மட்டும்

நான் தடுக்கி விழுந்த இடம் இது. பூண்டோடு மஞ்சள்தூளையும் தொட்டியில் கலந்துவிட்டேன். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது என்று அப்போது தெரியாது. மூன்றாம் நாள் மதியம் போய்ப் பார்த்தால் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன, தீவனம் அப்படியே கிடக்கிறது. கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனையான நிப்பிளை விரலால் அழுத்தினேன். தண்ணீர் வரவில்லை, மஞ்சள் நிறத்தில் ஒரு கொழகொழப்புதான் எட்டிப் பார்த்தது. குழாய் முழுக்க வண்டல். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

அதனால் மஞ்சள் தீவனத்தில்தான். 50 கிலோ மூட்டைக்குக் கால் கிலோ போடுகிறேன். மொத்த மூட்டையில் நேரடியாகக் கொட்டினால் ஒரு கோழிக்கு நிறையப் போகும், இன்னொன்றுக்கு ஒன்றுமே போகாது. முதலில் ஒரு கிலோ தீவனத்தோடு பிசறி, அதைப் பத்துக் கிலோவோடு கலந்து, பிறகு மீதியோடு சேருங்கள். காய்ந்த விரலி மஞ்சளை வாங்கி அரைப்பதுதான் என் கட்சி. நிறத்துக்காக லெட் குரோமேட் கலந்த தூள் விற்பனைக்கு வருகிறது; அதில் இருப்பது ஈயம்.

படி 3: குழாயை அலசுவது

பூண்டுத் தண்ணீர் முடிந்ததும் வெறும் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டு, கடைசி நிப்பிள் வரை அழுத்திப் பாருங்கள். தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு வடிகட்டி கட்டாயம் வேண்டும்.

பிற்சேர்க்கை: தடுப்பூசி மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும் நாளில் என்ன செய்வது என்று இதைப் படித்தவர்கள் சிலர் கேட்டார்கள். முதல் நாளே பூண்டை நிறுத்திவிடுங்கள். தடுப்பூசி மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். அதைக் கொல்லக்கூடிய எதுவும் தண்ணீரில் இருக்கக் கூடாது. இன்னொருவர், எச்சத்தில் ரத்தம் தெரிகிறது, பூண்டைக் கூட்டலாமா என்றார். கூடவே கூடாது. அது ரத்தக்கழிச்சல் என்ற குடல் நோயாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் மருந்து எழுதினால், சொன்ன அத்தனை நாளும் கொடுத்து முடியுங்கள். எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விடலாம் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.